கொலரின் உட்பக்கம்

கொலரைப் புரட்டிப் பார்த்தால் போதும், அது யாருடைய சேட்டு என்று தனுஷா சொல்லிவிடுவாள். கல்குடாவில் களப்போரமாகக் கிடக்கும் கொல்ஃப் கிளப்பின் லோண்ட்ரியில் அவளுக்கு இது நாலாவது வருடம். வெளியில் மடிப்புக் கலையாமல் நடந்து திரிகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் அவளிடம் கழுத்து அழுக்காகத்தான் வந்து சேருவார்கள். வங்கி மனேஜரின் கொலரில் சந்தனமும் வேர்வையும் கலந்த மஞ்சள். சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து வருகிற மருந்துக் கொம்பனிக்காரரின் கொலரில் புரியாணி எண்ணெய். பெண்பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் எழும்பி நின்று கதைக்கிற டொக்டரின் கொலரில் சாராயம்.

கப்டனுடைய கொலரில் மட்டும் கறுப்பு. தலைக்குப் பூசுகிற மை.

கப்டன் என்றால் பட்டாளத்துக் கப்டன் இல்லை, கிளப்பின் தலைவர். வினாயகமூர்த்தி என்று பெயர், ஓய்வு பெற்ற எஞ்சினியர். எழுபது வயதில் நாற்பது வயதுத் தலையோடு திரிந்தார். ஆள் சிறிய உருவம், குரல்தான் பெரிசு. வெள்ளைச் சேட்டுத் தவிர வேறு உடுக்கமாட்டார். உடம்பில் கிடப்பதைத் தவிர, ஒரே மாதிரி ஏழு மாற்றுக்கு வைத்திருந்தார். எல்லாருடைய உடுப்பிலும் கொலருக்கு உட்புறம் சிவப்பு நூலால் இலக்கம் தைத்திருக்கும். முதலாம் இலக்கம் தனக்குத்தான் வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஏழு கொலரையும் கிழமைக்கு ஒரு தடவை தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தால்தான் மை போகும். போன வருடம் யாருடையதோ ஒரு சேட்டுக் காணாமல்போய், லோண்ட்ரியில் நின்ற ஒரு பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து தனுஷா ஒவ்வொரு உடுப்பையும் எடுக்கும்போது ஒரு தடவை, வைக்கும்போது ஒரு தடவை, வீட்டுக்குப் போகுமுன் இன்னொரு தடவை பார்ப்பாள். அப்படியும் பஸ்ஸில் ஏறிய பிறகு சந்தேகம் வந்துவிடும்.

கிளப்பில் ஒன்பது குழிதான். பதினெட்டுக்கு நிலம் காணாது. ஒன்பதையும் இரண்டு தடவை சுற்றிவிட்டுப் பதினெட்டு என்று எழுதிக்கொள்வார்கள். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் சுற்றுவட்டாரத்துக் கிணறெல்லாம் அடி தெரியும். அந்த நாட்களிலும் குழியைச் சுற்றிய புல்லுக்கு மட்டும் காலையும் மாலையும் தண்ணீர் பீச்சும். அந்தப் புல்லில் நின்று, கையில் குளிர்ந்த குடிவகையோடு, ஊர்ச் சனம் தண்ணீரை வீணாக்குவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் வெளியில் எங்கேயோ இருந்து உதவி கிடைக்க, ஊர்ப்பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறோம் என்று காட்டவேண்டி வந்தது. அப்படித்தான் பத்துப் பேரை ஜூனியர் மெம்பர் என்று எடுத்தார்கள். ஜூனியர் முன் வாசலால் வரக்கூடாது. பெரிய மெம்பர் நடந்து போனால் எழும்பி நிற்கவேண்டும். பின்னால் பெரியவர்கள் வந்தால், அடிக்கிற பந்தை விட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட வேண்டும். தாகம் என்றால் குசினிக்குப் பின்னால் பைப் இருக்கிறது. படம் எடுக்கிற நாளில் மட்டும் முன்வரிசை.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி தனுஷாவின் தங்கச்சி யதுஷிகா, பதினாலு வயது. தகப்பன் சுதாகரனோடு தோணியில் சவள் துடுப்பு வலித்து முறுகிய தோள். காற்றுப் படிக்கிற பழக்கமும் தோணியில் வந்ததுதான். மற்றப் பிள்ளைகள் பந்தை உயரத் தூக்கி அடித்துக் கச்சானுக்குக் கொடுத்துவிடும்போது, அவள் புல்லுக்கு மேல் தவழவிடுகிற மாதிரி அடிப்பாள். ஜூனியர் போட்டி இரண்டு சனிக்கிழமை; அதில் மெம்பர்களின், விருந்தாளிகளின் பிள்ளைகளும் சேரலாம். முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்களுக்குக் கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி, தங்குமிடம், அங்கேயே பள்ளிக்கூடம். இந்த விளையாட்டில் குறைய அடித்தவருக்குத்தான் வெற்றி. முதல் சனிக்கிழமை முடியும்போது மற்ற எல்லாரையும்விட நாலு அடி குறைவாக அடித்து யது முன்னுக்கு நின்றாள்.

அன்று அவள் உடுத்தியிருந்தது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த வட்டக்கழுத்து பெனியன். திங்கட்கிழமை கிளப்பிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது.

தாய் முற்றத்தில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். சுதாகரன் வலையில் பிய்ந்த கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தார். தனுஷா கடிதத்தைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"என்ன புள்ள எழுதிக் கிடக்கு?" என்றாள் தாய்.

"உடுப்பு சரியில்லையாம். ஒழுங்கான உடுப்பில்லாம வாற சனிக்கிழமை வந்தா விளையாட ஏலாதாம்."

"ஏன், அம்மணமாவா போனவள்?"

"கொலர் வேணுமாம் அம்மா."

சுதாகரன் ஊசியை நிறுத்தினார். "கொலர் இல்லாட்டி பந்து குழிக்குள்ள போகாதாமா?"

"போன கிழம நல்லாத்தானே போன!" என்றாள் யது. "எனக்குப் பின்னால வந்தவன் கொலரோடதான் களப்புக்குள்ள ரெண்டு பந்து விட்டவன்."

"அவன்ட பந்துதான் எண்ட வலைக்குள்ள கிடந்த. மீனெண்டு நினைச்சிப் போட்டன்."

"சும்மா இருங்க அப்பா. இருபத்து மூண்டு ரூல் போட்டிருக்காங்க," என்றாள் தனுஷா.

கடிதத்தோடு இரண்டு பக்கத்தில் விதிகள், எல்லாம் இங்கிலீசில். தனுஷா செவ்வாயும் வியாழனும் வாழைச்சேனையில் பின்னேர இங்கிலீஸ் வகுப்புக்குப் போகிறவள். வகுப்புக் கொப்பியில் கோடு போட்டு, ஒரு பக்கம் விதி, மறுபக்கம் தமிழ் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். சேட்டுக்குக் கொலர் இருக்கவேண்டும். கை முழங்கைக்கு மேலே ஏறலாம், தோளுக்கு ஏறக்கூடாது. சேட்டை உள்ளே விட்டு பெல்ட் கட்டவேண்டும். நெஞ்சில் படமோ எழுத்தோ கூடாது. மேசு கணுக்காலை மூடவேண்டும். பதினாறாம் விதியில் ஒரு சொல் விளங்கவில்லை. வியாழக்கிழமை வகுப்பு மாஸ்டரிடம் கேட்டபோது அவருக்கும் விளங்கவில்லை. அது தொப்பியைப் பற்றியது, யது தொப்பியே போடமாட்டாள் என்று சமாதானப்பட்டுக்கொண்டாள்.

வாழைச்சேனைக் கடைகளில் கொலர் வைத்த சேட்டு இருக்கத்தான் செய்தது. எல்லாவற்றின் நெஞ்சிலும் புலியோ, மோட்டார் சைக்கிளோ, எழுத்துப் பிழையோடு இங்கிலீசோ இருந்தது. ஆகவே தனுஷா யதுவையும் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து ஓட்டமாவடிக்குப் போனாள். அங்கே பஹீமா என்ற தையல்காரி இருந்தாள். கிளப் வேலையாட்களுக்கு யூனிபோம் தைப்பவள் அவள்தான்.

"வாங்க புள்ள. என்னமா வளருது இந்தப் புள்ள, பனை மாதிரி!" என்று யதுவின் தோளுக்கு நாடா பிடித்தாள் பஹீமா. "இதென்ன தோள்? ஆம்புளப் புள்ளைக்குக் கூட இப்பிடி இல்ல."

"மட்டை அடிக்கிறவள் மச்சி."

"அடிக்கட்டும், அடிக்கட்டும். கலியாணத்துக்குப் பொறகு ஒதவும்."

யது சிரித்தாள். பஹீமா மூன்று நாலு துணியை எடுத்துப் போட்டாள். தனுஷா ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இழுத்தாள், ஓரத்தை நனைத்துக் கசக்கினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்று சாயம் விட்டது. ஒன்று முதல் தண்ணீரிலேயே சுருங்கும். கடைசியில் அவள் கை அலுமாரியின் மூலையில் இருந்த இலைப்பச்சைத் துணியில் போய் நின்றது. யூனிபோம் தைத்து மிஞ்சியது. அதே துணிதான் அந்த நேரம் அவளுடைய உடம்பிலும் இருந்தது. நாலு வருடம் சோடாவிலும் கொதிதண்ணீரிலும் போட்டு எடுத்தும் மங்காத துணி. இதை உடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் "மிஸ்" என்றுதான் சொல்லுவான்.

"இதில தையுங்க."

பஹீமா கொஞ்சம் யோசித்தாள். "இது அங்க வேல செய்யிற ஆக்கள்ர துணியெல்லோ புள்ள? ஒண்டும் சொல்லமாட்டாங்களா?"

"இருபத்து மூண்டையும் ரெண்டுதரம் பாத்திட்டன். நெறத்தப் பத்தி ஒண்டுமே இல்ல."

"அப்ப சரி. எழுதாததுக்கு நாம என்ன செய்யிற?"

வீட்டுக்கு வந்த பிறகும் தனுஷா கொப்பியை எடுத்து மூன்றாம் தடவையும் பார்த்தாள். நிறம் என்ற சொல் எங்கும் இல்லை. அவள் துணியை ஒரு வண்ணாத்தியின் கண்ணால்தான் பார்த்தாள். உடுத்துக்கொண்டு நிற்பவளை மற்றவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது கொப்பியில் இல்லை.

சனிக்கிழமை காலையில் யது ஒரு குறையும் இல்லாமல் நின்றாள். கொலர் விறைப்பாக இருந்தது. சேட்டு உள்ளே, பெல்ட் மேலே, மேசு கணுக்காலுக்கு மேலே. தாய் நாவூறு கழித்தாள். சுதாகரன் தோணிக்குப் போகுமுன் ஒரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கிராம சேவகர் மாதிரிக் கிடக்கு," என்றார்.

முதல் குழியடியில் ஜூனியர்கள் வரிசையாக நின்றார்கள். கப்டன் ஒரு விருந்தாளியோடு வந்தார். எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். கப்டன் யதுவைத் தாண்டும்போது தன் தோளில் இருந்த மட்டைப் பையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, கதையை நிறுத்தாமலே நடந்தார். யது பையைப் பிடித்தபடி நின்றாள். யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. நாலு அடி போய்த்தான் பை பின்னால் வரவில்லை என்பது கப்டனுக்குத் தெரிந்தது.

"என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? கொண்டு வா."

"நான் விளையாட வந்தனான் சேர்."

"யார் நீ?"

"யதுஷிகா. போன கிழம முதலாவதா வந்தது நான்தான் சேர்."

கப்டன் விருந்தாளியைப் பார்த்தார், யதுவைப் பார்த்தார், அவளுடைய சேட்டைப் பார்த்தார். மெம்பர் ஒருவர் வேலையாளைத் தவறி மெம்பர் என்று நினைத்தால் அது சிரிப்பு. மெம்பரை வேலையாள் என்று நினைத்துவிட்டால் தவறு அப்படி நினைக்கப்பட்டவருடையதாகத்தான் இருக்கவேண்டும். கிளப்பில் அப்படித்தான் வழக்கம்.

"இதென்ன உடுப்பு? ஸ்டாஃப் உடுப்பில் வந்து மெம்பர்களோடு விளையாடுவதா? வீட்டுக்கு லெட்டர் வரவில்லையா?"

புல் வெட்டுகிறவன் ஓடிவந்து சொல்ல, தனுஷா கையில் ஈரத்தோடு லோண்ட்ரியிலிருந்து வந்தாள். விதிகள் எழுதிய தாள் அவளுடைய பொக்கெற்றிலேயே இருந்தது. அவளும் யதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரே பச்சை. தன்னுடையதுதான் கொஞ்சம் பழசு.

"சேர், இருபத்து மூண்டு ரூலும் பார்த்துத்தான் தைச்ச. கொலர் இருக்கு, கை சரி, எழுத்தில்ல. நெறத்தப் பத்தி ஒண்டும் போடல்ல."

"எல்லாத்தையும் எழுதித்தான் தரவேண்டுமா? சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் பழக்கம் என்கிறது."

"அந்தத் தம்பிக்குக் கொலரே இல்ல சேர்," என்றாள் யது. வரிசையில் நின்ற ஒரு பையனின் சேட்டுக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி மட்டும் இருந்தது. விருந்தாளியின் மகன்.

"அது கொல்ஃபுக்கென்றே செய்த சேட்டு. விலை தெரியுமா உனக்கு?"

கப்டன் தனுஷாவிடமிருந்த தாளை வாங்கினார். பேனையை எடுத்து, இருபத்து மூன்றாம் விதிக்குக் கீழே இருபத்து நாலு என்று போட்டு, ஒரு வரி எழுதி, கையெழுத்தும் வைத்து, திருப்பிக் கொடுத்தார். மை காயவில்லை. ஜூனியர்கள் வேலையாட்களின் நிறத்தில் உடுத்தக்கூடாது என்று இருந்தது. அதை வாசிக்க அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

"பத்து நிமிஷம் இருக்கு," என்றார் விருந்தாளிக்கும் கேட்கும்படியாக. "நான் அப்படிக் கடுமையான ஆள் இல்லை. லோண்ட்ரியில் யாரும் எடுக்காமல் கிடக்கிற சேட்டு ஏதாவது இருக்கும்தானே? ஒன்றைப் போட்டுக்கொண்டு வரட்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகட்டும்."

லோண்ட்ரிக் கதவைச் சாத்தியதும் யது அழுதாள். சத்தம் வராமல், மூக்கால்.

"நான் போறன் அக்கா. எனக்கு வேணாம்."

"சும்மா கிட. கழட்டு."

யாரும் எடுக்காத உடுப்புத் தட்டில் இரண்டே இரண்டு சேட்டு இருந்தது. ஒன்று யதுவைப்போல் மூன்று பேர் நுழையக்கூடியது. மற்றதன் நெஞ்சில் வைன் கொட்டியிருந்தது. தனுஷா இரண்டையும் இரண்டு தடவை புரட்டினாள். சுவரில் கப்டனின் ஏழு சேட்டும் இஸ்திரி போட்டுத் தொங்கின. சிறிய உருவத்துக்குத் தைத்தவை. ஜன்னலுக்கு வெளியே களப்பில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போன வருடம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் முகம் ஒருதரம் வந்து போனது.

அவள் ஏழாவதைக் கழற்றித் தங்கச்சியின் தலைக்கு மேலால் போட்டாள்.

"ஆர்ர அக்கா இது?"

"ஆருமில்லாதவண்ட. கொலரப் புரட்டாத, என்ன?"

யது கழுத்தைத் திருப்பி மணந்து பார்த்தாள். "மை மணக்குது."

"குனிஞ்சி அடிக்கக்க மணக்காது. ஓடு."

தோள் இறங்கியிருந்தது. கை முழங்கை வரை வந்தது. ஒவ்வொரு அடிக்கும் சேட்டு பெல்ட்டுக்கு வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அதை உள்ளே விடவேண்டும், அதுவும் விதி. முதல் நாலு குழியில், போன கிழமை முன்னுக்கு நின்ற நாலு அடியும் போய்விட்டது. ஐந்தாவதில் கையை மேலே சுருட்டிவிட்டாள். தனுஷா லோண்ட்ரி ஜன்னலால் பார்த்துக்கொண்டே, ஏற்கெனவே வெளுத்த துவாயை மறுகாலும் வெளுத்தாள். ஏழாவது குழி ஜன்னலுக்கு நேரே களப்போரம் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. யது பந்தைத் தவழவிட்டாள். புல்லில் உருண்டு, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் உருண்டு விழுந்தது. கரையில் தோணியில் நின்ற சுதாகரன் சவளால் தண்ணீரை ஓங்கி அடித்தார். அமைதியாக இருக்கச் சொல்லி ஒருவர் கையைக் காட்டினார்.

கடைசியில் விருந்தாளியின் மகன் ஓரடி வித்தியாசத்தில் முதலாவது. யது இரண்டாவது. இரண்டு பேருக்கும் கொழும்பு.

பரிசு கொடுக்கும்போது கப்டன் பேசினார். ஒழுக்கம் உடுப்பில்தான் தொடங்குகிறது என்றார். இந்தப் பிள்ளை காலையில் வந்த கோலம் என்ன, இப்போது நிற்கிற கோலம் என்ன என்று கேட்டு, யதுவின் தோளைப் பிடித்துச் சபைக்குத் திருப்பிக் காட்டினார்.

"இப்போதுதான் ஒரு மெம்பரின் பிள்ளை மாதிரி இருக்கிறாய். இந்தச் சேட்டை நீயே வைத்துக்கொள். கிளப்பின் பரிசு."

கைதட்டினார்கள். அவருடைய விரல் அந்தக் கொலரைத்தான் நீவி விட்டுக்கொண்டிருந்தது. படம் எடுத்தார்கள். குசினி வாசலில் நின்ற தனுஷா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆனால் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. தன் சேட்டை உட்புறமாகப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வீட்டில் யது முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தாள். "எனக்கு வேணாம். பச்சைதான் கொழும்புக்குக் கொண்டு போவன்."

தாய் எடுத்து மணந்து முகத்தைச் சுளித்தாள். "அடுப்புத் துணிக்கும் ஆகாது."

"இஞ்ச தா," என்றார் சுதாகரன். போட்டுப் பார்த்தார். பொத்தானை மேலே வரை பூட்டினார். கொலரை நிமிர்த்திக் காதுவரை விட்டார். "ஆ! இது நல்ல சாமான் கண்டியோ. வெயிலுக்குப் பிடரி எரியாது. இதுக்குத்தான் இவனுகள் கொலர் கொலர் எண்டு நிக்கிற போல."

"அப்பா, அது ஆர்ர சேட்டு எண்டு தெரியுமா?" என்று கேட்டு, தனுஷா சொன்னாள்.

சுதாகரன் கொலரைப் புரட்டிச் சிவப்பு நூலைப் பார்த்தார். பிறகு தாய் சிரிக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கப்டன் லோண்ட்ரிக்குத் தானே வந்தார். நாலு வருடத்தில் அவர் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. சவர்க்கார நுரையில் சப்பாத்துப் படாமல் ஒதுங்கி நின்றார்.

"ஆறு சேட்டுத்தான் வந்திருக்கு. ஏழு இருக்கவேண்டும்."

"ஓம் சேர்."

"ஒன்று எங்கே? போன வருஷம் இந்தக் கதை நடந்தது, தெரியும்தானே? யாருக்குக் கொடுத்தாய்?"

தனுஷாவின் கையில் வங்கி மனேஜரின் கொலர் இருந்தது. அதைத் தொட்டியிலேயே விட்டாள். என்ன சொல்லவேண்டும் என்று இரண்டாம் தடவை யோசிக்கவில்லை.

"நீங்கதான் குடுத்தீங்க சேர். சனிக்கிழமை. எல்லாருக்கும் முன்னால. போட்டோ அங்க நோட்டிஸ் போட்டில போட்டிருக்கு, நீங்க கொலரப் பிடிச்சிக்கொண்டு நிக்கிறீங்க."

கப்டனின் வாய் திறந்தது. அது மூடுவதற்குள் அவர் கண் அவளுடைய கண் போன இடத்துக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே, ஏழாவது குழிக்கு நேரே, களப்பில் ஒரு தோணி. அதில் ஒருவர் எழும்பி நின்று வலை வீசினார். வெள்ளைச் சேட்டு. இடுப்புவரை சேறு. கொலர் காதுவரை நிமிர்ந்திருந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரூல் படிதான் சேர்," என்றாள் தனுஷா. "சாறனுக்குள்ள விட்டுத்தான் உடுத்திருக்கார்."